இயக்க விதிகளை வாங்கிக்கொண்டு போனவள்

எங்கள் ஊரில் ஒருவர் கேட்டு நாம் ஒரு பாடத்தை விளக்கிச் சொன்னால், அந்தப் பாடம் அவரிடம் போய்விடும். நம்மிடம் இருக்காது. சட்டியில் இருக்கும் குழம்பை அடுத்த வீட்டுக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுப்பதைப் போலத்தான். வாங்கியவர் திரும்ப நமக்கு விளக்கிச் சொல்லும்வரை அது இல்லாமல் சமாளித்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, கேட்டவருக்குச் சொன்னால்தான் போகும். எங்கள் அறிவியல் டீச்சர் வருடா வருடம் அதே பாடங்களை நடத்தியும் அவரிடம் எதுவும் குறையவில்லை. அவரிடம் இதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லை என்று அதற்கு அர்த்தம். இரண்டு, புரிந்துகொண்டு சொந்தச் சொல்லில் சொல்ல வேண்டும். நோட்ஸில் இருப்பதை அப்படியே ஒப்பித்தாலும், பி.டி.எஃப். அனுப்பினாலும் இங்கிருந்து எதுவும் போகாது, அங்கே எதுவும் போய்ச் சேராது. நீங்கள் யாரும் என்னிடம் கேட்கவில்லை. அதனால் பயமில்லாமல் சொல்கிறேன்.

பாடம் போகும்போது அதன் காரியமும் கூடவே போகும். ஒளியியலைக் கொடுத்திருந்த நாளில் கண்ணாடியில் நான் தெரியவில்லை. அம்மாதான் வகிடு எடுத்துவிட்டாள். சுற்றோட்டத்தைக் கொடுத்திருந்தபோது காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸ் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நாடி யாருகிட்ட இருக்கு? வாங்கிட்டு நாளைக்கு வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். மரபியல் வெளியே போயிருந்த நாட்களில் நான் யார் ஜாடையிலும் இல்லை. அம்மாவுக்கு அது மட்டும் பிடிக்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமலே சோறு போட்டாள்.

படிக்காதவர்களுக்கு இந்தத் தொந்தரவு கிடையாது. அவர்களுடைய எடையும் நாடியும் பிறந்தபடியே இருக்கும். படித்துப் புரிந்த பிறகுதான் அவை பாடத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. அம்மா ஐந்தாவதோடு நின்று, தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போனவள். இன்றுவரை அவளிடமிருந்து எதுவும் போனதில்லை.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கியதும் எங்கள் வகுப்புத் தலைவன் ஹரிஹரசுதன் வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்தான். பெயர் 'அறிவியல் உதவும் கரங்கள்'. எத்தனையோ கரங்கள் இருந்தன. எல்லாம் கும்பிடும் கரங்கள். "செண்பகா, மின்னோட்டவியல் ப்ளீஸ்" என்று ஒரு கும்பிடு வரும். விரல் வலிக்க எழுதி முடித்தால் ஒரு கட்டைவிரல் வரும். அதோடு சரி. செண்பகவல்லியாகிய என்னுடைய கரம் ஒன்றுதான் அந்தக் குழுவில் உதவியது.

ஹரிஹரசுதன் காலையில் ரோஜாப்பூ போட்டு குட் மார்னிங் சொல்வான். மாலையில் 'முக்கிய வினாக்கள்' என்று எங்கிருந்தோ வந்ததை எங்களுக்குத் தள்ளிவிடுவான். அவன் யாருக்கும் எதையும் விளக்கியதில்லை. ஆகவே அவனிடம் எதுவும் குறையவில்லை. குறைவதற்கு ஏதாவது இருந்ததா என்பது வேறு விஷயம்.

வாங்கிய பாடத்தைத் திருப்பித் தருவதற்கு எங்களுக்குள் ஒரு முறை இருந்தது. யார் வீட்டுப் பாத்திரத்தையும் வெறுமனே திருப்பித் தரக் கூடாது அல்லவா? ஒரு வாழைப்பழமோ, இரண்டு முறுக்கோ வைத்துத்தானே கொடுப்போம்? அதே போலப் பாடத்தைத் திருப்பும்போது கூட ஒரு எடுத்துக்காட்டாவது வைத்துத் தர வேண்டும். ஒளியியல் என்னிடம் திரும்பியபோது எவர்சில்வர் மூடியில் முகம் கோணலாகத் தெரிவது கூட வந்தது. மரபியலோடு ஒரு பூனையும் அதன் குட்டிகளும் வந்தன. இந்த மரியாதை இருந்தவரைக்கும் நான் யாரையும் குறை சொன்னதில்லை.

எனக்குப் பிளஸ் ஒன்னில் உயிரியல் குரூப் வேண்டும். அதை ஏழாவதிலேயே முடிவு செய்துவிட்டேன். அம்மாவும் ஒரு முடிவு வைத்திருந்தாள். "பத்து பாஸானா மேல படி. பெயிலானா எங்கூட ஆபீஸுக்கு வா, பெட்டி ஒட்டலாம். நடுவுல வேற பேச்சு கெடையாது" என்றாள். அம்மா சொன்னால் சொன்னதுதான்.

அக்ஸிலியா என் பக்கத்து பெஞ்சு. எல்.கே.ஜி.யிலிருந்து ஒரே வகுப்பு, ஒரே ஆட்டோ. மற்ற தேர்வுகள் முடிந்து அறிவியல் மட்டும் பாக்கியிருந்த வாரம் அவள் குழுவில் கேட்காமல் தனியாக எனக்கு அனுப்பினாள். "ஏட்டி, இயக்க விதிகள் ஒண்ணுமே ஏறல. நீ சொன்னாத்தான் எனக்கு மண்டையில நிக்கும். நாளைக்கே தந்துருதேன்." கடைசியில் கும்பிடு இல்லை. ஒரு இதயம் இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் அது. முழுவதையும் குரல் பதிவாகச் சொன்னேன். நிலைமம், விசை, எதிர்விசை, புவியீர்ப்பு எல்லாம். எட்டயபுரம் மினிபஸ் போய்க்கொண்டிருக்கிறது, குறுக்கே ஒரு ஆடு வருகிறது, டிரைவர் பிரேக் போடுகிறார், கண்டக்டர் வாயிலிருந்த விசில் மட்டும் முன்னால் பறந்து போய்க் கண்ணாடியில் விழுகிறது. ஏனென்றால் விசிலுக்கு ஆடு வந்தது தெரியாது. இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. நானே யோசித்தது. அக்ஸிலியா கேட்டு முடித்ததும் இரண்டு நீல டிக் விழுந்தன. நான் நாற்காலியிலிருந்து மெதுவாக மேலே போனேன்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"யாருக்குட்டி குடுத்த?"

"அக்ஸிலியாவுக்கு."

"அவதான? தந்துருவா" என்று சொல்லிவிட்டு, என் காலைப் பிடித்து இறக்கி, ஸ்கூல் பையில் அம்மிக் குழவியை வைத்து மாட்டிவிட்டாள். அடுத்த நாள் அப்படியேதான் பள்ளிக்கூடம் போனேன்.

அக்ஸிலியாவுக்கு இரண்டு பேர் எடை வந்திருந்தது. ஆட்டோ அவள் பக்கம் சாய்ந்தே போனது. டிரைவர் அண்ணன் என்னை அவள் மடியில் உட்கார வைத்தார். ஆட்டோ நேராகிவிடவில்லை, நான் பறக்காமல் இருந்தேன், அவ்வளவுதான். "இன்னைக்குச் சாயந்தரம்" என்றாள். சாயந்தரம் "நாளைக்கு" என்றாள். மறுநாள் குழுவில் 'அக்ஸிலியா வெளியேறினார்' என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்தது. அதற்கும் யாரோ கட்டைவிரல் போட்டார்கள்.

அன்றைக்கு எனக்கு ஒரே ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள். ஆசையோடு கேட்டேன். மினிபஸ், ஆடு, பிரேக், விசில். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. பாத்திரத்தை வைத்துக்கொண்டு பழத்தை மட்டும் கொடுத்தனுப்பியிருக்கிறாள். அந்தப் பழமும் என் வீட்டுப் பழம்தான். அதிலிருந்து ஊரில் எங்கே எந்த பஸ் பிரேக் போட்டாலும் அந்த விசில் மாதிரி நான் முன்னால் போய் விழுந்தேன். எங்கள் வீடு பஸ் ஸ்டாண்டுக்கு அருகில் இருக்கிறது. நெற்றி வீங்கிவிட்டது.

கோபம் என்றால் என்ன என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதற்கு முன்னால் வந்ததெல்லாம் சிணுங்கல்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்குப் போய்விட்டு வரும் நேரம் பார்த்து வீட்டுக்குப் போனேன். கட்டில் கால் முறிந்து கிடந்தது. அக்ஸிலியா தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி டைல்ஸ் கீறியிருந்தது. மடியில் அறிவியல் புத்தகம். நான் பையைத் தோளிலிருந்து கழற்றாமல் நின்றேன்.

"அக்ஸி, என் பாடத்தக் குடு."

"தாரேன்னு சொன்னேன்லா. பரீட்சை முடியட்டும்."

"பரீட்சைக்குத்தானட்டி பாடம். முடிஞ்ச பெறகு அத வச்சு நான் என்ன செய்ய, நாக்கு வழிக்கவா?"

"ஒனக்கு மத்ததெல்லாம் இருக்குல்லா? எங்கிட்ட உருப்படியா இது ஒண்ணுதான் இருக்கு. இதுவும் போச்சுன்னா நான் பெயில்ட்டி."

அவள் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அழுதாள். கண்ணீரும் இரண்டு மடங்கு எடையோடு தொப்பென்று விழுந்து புத்தகத்தில் ஓட்டை போட்டது. அவள் பொய் சொல்லியிருந்தால் நான் இரண்டு திட்டு திட்டிவிட்டுச் சமாதானமாகியிருப்பேன். நியாயத்தையும் அவளே எடுத்துக்கொண்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அக்ஸிலியாவின் அம்மா கேக் துண்டு ஒன்றைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். "ஒண்ணா வளந்த பிள்ளைக. உங்களுக்குள்ள எனது ஒனதுன்னு என்ன கணக்கு? தின்னு" என்றார். கொடுத்ததைக் கேட்டால் அடுத்ததாம் பகை என்று சும்மாவா சொன்னார்கள். கேட்கப் போன நான்தான் அந்த வீட்டில் பொல்லாதவள். கேக்கைத் தின்னாமல் திரும்பினேன். தெருமுனையில் ஏதோ பஸ் பிரேக் போட்டது. தபால் பெட்டியில் போய் முட்டிக்கொண்டேன்.

அறிவியல் தேர்வன்று பைகளை வெளியே வைக்கச் சொல்லிவிட்டார்கள். அது விதி. பையை இறக்கியதும் நான் மேலே போய்க் கூரையில் ஒட்டிக்கொண்டேன். அறைக் கண்காணிப்பாளர் என் ஹால் டிக்கெட் படத்தை அண்ணாந்து சரிபார்த்தார். "அங்கதான் உக்காந்து எழுதணும். நடுவுல எடம் மாறக் கூடாது" என்று சொல்லி, கேள்வித்தாளை ஒட்டடைக் கம்பு நுனியில் சொருகி நீட்டினார். என் தலை அடிபடாமல் இருக்க ஃபேனை நிறுத்தினார்கள். கீழே இருந்த எல்லாரும் வேர்வையைத் துடைத்தபடி என்னை முறைத்தார்கள். அவர்களில் பாதிப் பேர் ஏதாவது ஒரு பாடத்துக்கு என்னைக் கும்பிட்டவர்கள்.

விடைத்தாளைக் கூரையோடு சேர்த்து அழுத்திப் பிடித்து எழுதினேன். பேனா இரண்டு வரி எழுதியது. அப்புறம் நின்றுவிட்டது. மேல் நோக்கிப் பிடித்தால் மை இறங்காது. இது ஏன் என்று எனக்கு முன்பு தெரியும். இப்போது தெரியவில்லை. உதறினேன், இன்னும் இரண்டு வரி வந்தது. வெளியே பஸ் பிரேக் போடும்போதெல்லாம் சுவரில் மோதிவிட்டு, பழைய இடத்துக்கு ஊர்ந்து வந்து மறுபடி உதறினேன்.

எனக்கு நேர் கீழே அக்ஸிலியா. அவளுக்கென்று தனியாக இரும்பு பெஞ்சு போட்டிருந்தார்கள். ஏழு மார்க் கேள்வியில் இயக்க விதிகள் வந்திருந்தது. அவள் எழுதுவது மேலேயிருந்து துல்லியமாகத் தெரிந்தது. நிலைமம். மினிபஸ். ஆடு. 'விசிலுக்கு ஆடு வந்தது தெரியாது.' என் வாக்கியம். ஒரு எழுத்து மாறவில்லை. அதற்குக் கீழே அளவுகோல் வைத்துக் கோடு வேறு போட்டாள். நான் கத்த வாயைத் திறந்தேன். "பேசக் கூடாது" என்றார் கண்காணிப்பாளர். மணி அடிக்கும்போது என்னிடம் ஒரு பக்கத்துக்கும் குறைவாகத்தான் இருந்தது.

நான் பெயில். அறிவியல் ஒன்றில் மட்டும். அக்ஸிலியா பாஸ். நல்ல மார்க்.

அம்மா தீப்பெட்டி ஆபீஸ் கணக்குப்பிள்ளையிடம் கேட்டுவிட்டு வந்து, "மேல ஒட்டடை அடிக்க ஆள் வேணுமாம், ஏணி மிச்சம்னு சந்தோசப்படுதாரு" என்றாள். பிறகு, "துணைத் தேர்வு ஒண்ணு இருக்காம்லா? அது ஒரு தடவ எழுது. அதோட சரி" என்றாள். உள்ளதும் போச்சு நொள்ளைக்கண்ணா என்று நான் கூரையில் படுத்துக் கிடந்தேன்.

அந்த வாரம் அக்ஸிலியா வீட்டுக்கு வந்தாள். சாதாரணமாக நடந்து வந்தாள். படியில் சத்தமே இல்லை.

"செண்பகா, தப்புதாம்ட்டி. குடுத்துரணும்னுதான் வந்தேன். ஆனா இப்ப எங்கிட்டயே இல்ல."

தேர்வில் கேள்வி கேட்பவர் ஒருவர் இருக்கிறார். புரிந்து, சொந்தச் சொல்லில் எழுதியதெல்லாம் திருத்துகிறவரிடம் போய்விடும். மற்றவர்கள் மனப்பாடம் செய்து எழுதுகிறார்கள், அவர்களுக்குச் சேதமில்லை. அக்ஸிலியா விசில் வரியை மட்டும்தான் ஒப்பித்தாள், விதிகளைத் தன் சொல்லிலேயே எழுதியிருக்கிறாள்; நான் அவ்வளவு நன்றாகப் புரிய வைத்திருந்தேன். என் இயக்க விதிகள் இப்போது எந்த ஊரிலோ பெயர் தெரியாத ஒரு வாத்தியாரிடம் இருக்கின்றன. அவர் எதற்கு இப்படிக் கனக்கிறோம் என்று தெரியாமல் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

நான் கீழே பார்க்கவில்லை.

"இம்புட்டுக் கோவம் எதுக்குன்னுதான் எனக்கு நெசமாவே புரியல. நீ சொன்னாத்தான் எனக்குப் புரியும். கொஞ்சம் சொல்லேன்."

அவள் கேட்டுவிட்டாள். கேட்ட பிறகு சொன்னால் போய்விடும். எல்.கே.ஜி. ஆட்டோவிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட வாய் வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். எனக்கு என்று மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். அதையும் வாங்கிக்கொண்டு போய் எங்காவது எழுதி ஏழு மார்க் வாங்கிவிடுவாள். நான் கூரையைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். அவள் போய்விட்டாள்.

சாயந்தரம் குழுவில் திரும்பச் சேர்ந்து இப்படிப் போட்டாள்: 'செண்பகாவுக்கு ஏன் கோபம்? தெரிஞ்சவங்க எக்ஸ்ப்ளைன் பண்ணுங்க ப்ளீஸ்.' கீழே கும்பிடு.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஹரிஹரசுதன் ஒரு விடை எழுதினான். தலைப்பு, உள்தலைப்பு எல்லாம் வைத்து எழுதியிருந்தான். 'வரையறை: கோபம் என்பது ஒரு வெப்ப உமிழ் வினை. காரணங்கள்: பொறாமை, தூக்கமின்மை, போதுமான தண்ணீர் குடிக்காமை. வகைகள்: மீள் கோபம், மீளாக் கோபம். தடுக்கும் முறைகள்: மூச்சுப் பயிற்சி, கீரை வகைகள். எடுத்துக்காட்டு: செண்பகவல்லி.'

பொறாமையாம். எனக்கு. நான் கொடுத்ததைப் பார்த்து நானே பொறாமைப்படுகிறேனாம். கீரை சாப்பிட்டால் சரியாகிவிடுமாம். அந்தப் பதிலுக்கு விழுந்த கட்டைவிரல்களை நான் எண்ணவில்லை, திரை முழுக்க மஞ்சளாக இருந்தது. அக்ஸிலியா 'இப்ப புரிஞ்சிருச்சு, தேங்க்ஸ்' என்று போட்டிருந்தாள். ஹரிஹரசுதன் எழுதியதை நான் ஆத்திரத்தில் எத்தனை தடவை வாசித்தேன் என்று தெரியாது. கமா வரைக்கும் மனப்பாடமாகிவிட்டது.

ஹரிஹரசுதன் அதைப் பக்கத்து ஊர்க் குழுவுக்குத் தள்ளிவிட்டான். அங்கிருந்து ஒரு டியூஷன் சென்டருக்குப் போனது. அவர்கள் 'கட்டாயம் எதிர்பார்க்கலாம்' என்று நட்சத்திரம் போட்டு அச்சடித்தார்கள்.

துணைத் தேர்வுக்கு அம்மா ஒரு யோசனை செய்திருந்தாள். உள்ளே இருப்பது தெரிகிற தண்ணீர் பாட்டில் மட்டும் அறைக்குள் அனுமதி. நல்ல பெரிய பாட்டிலாக இரண்டு வாங்கி நிரப்பி இடுப்பில் கட்டிவிட்டாள். "தாகம் எடுத்தாலும் குடிச்சிராத" என்றாள். பெஞ்சில் உட்கார முடிந்தது. பேனா எழுதியது. பஸ்கள் பிரேக் போடும்போது மேசையை இறுகப் பிடித்துக்கொண்டேன். தெரிந்ததை எல்லாம் நோட்ஸில் இருந்தபடியே எழுதினேன். பாஸாவதற்கு இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது. கடைசியாக ஏழு மார்க் கேள்விக்கு வந்தேன்.

'நியூட்டனின் இயக்க விதிகளைக் கூறி விளக்குக. (அல்லது) செண்பகவல்லி என்னும் மாணவியின் கோபத்திற்கான காரணங்களைத் தகுந்த எடுத்துக்காட்டுடன் விளக்குக.'

முதலாவது என்னிடம் இல்லை. இரண்டாவது என்னைத் தவிர உலகத்தில் யாரிடமும் இல்லை. உள்ளது உள்ளபடி எழுதினால் அடிஷனல் ஷீட் போதாது. ஆனால் கேட்டிருக்கிறார்கள். எழுதினால் அதுவும் பெயர் தெரியாத வாத்தியாருக்குப் போய்ச் சேரும். பேனாவை மூடி வைத்தேன். தீப்பெட்டி ஆபீஸின் கூரை நல்ல உயரம் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

அறைக் கண்காணிப்பாளர் பக்கத்தில் வந்து நின்றார். என் ஹால் டிக்கெட்டில் பெயரைப் பார்த்தார். கேள்வித்தாளைப் பார்த்தார்.

"ஈசியான கேள்விதாம்மா. எழுது" என்றார்.

ஹரிஹரசுதனின் பதிலை எழுதினேன். வரையறை, காரணங்கள், வகைகள், தடுக்கும் முறைகள். ஒரு எழுத்து கூட என்னுடையது இல்லை. பொறாமை என்று எழுதும்போது பேனா நிப் தாளைக் கிழித்தது. கீரை வகைகளுக்கு அடியில் கோடு போட்டேன்.

பாஸாகிவிட்டேன். உயிரியல் குரூப் கிடைத்தது. விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தேன். ஏழுக்கு ஏழு. 'எடுத்துக்காட்டு: செண்பகவல்லி' என்ற இடத்தில் சிவப்பு மையில் ஒரு சரி போட்டிருந்தார்கள்.